மூன்றாவது வட்டு

"ஆண்ட்டி, இது அமெரிக்கா ரெக்கார்டு. நடுவுல ஓட்டை பெருசு. அடாப்டர் இல்லாம பாடாது" என்றான் மும்பை மாட்டுங்காவின் பழைய ரெக்கார்டுக் கடைக்காரப் பையன். அந்த ஓட்டைக்குள் நான் விரலை விட்டதுமே பதனிட்ட தோலின் வாசனை வந்துவிட்டது.

அறுபதுகளில் வாப்பாவுக்குத் தாராவியில் தோல்பைப் பட்டறை. ஒரு நாள் பழைய சாமான் விற்கும் சோர் பஜாரிலிருந்து பேட்டரி பிளேயரும், 'சோல்' என்ற கறுப்பின மக்களின் உருக்கமான பாட்டுகளைப் பாடும் அமெரிக்கப் பாடகி ஒருத்தியின் சின்ன ரெக்கார்டும் வாங்கி வந்தார். சந்தே கூடிவிட்டது. பிளேயரின் ஒல்லிக் கம்பியில் அந்தப் பெரிய ஓட்டை நிற்கவில்லை. ரெக்கார்டு வழுக்கி வழுக்கிச் சுற்ற, குரல் இழுத்து இழுத்து அழுதது.

"பாட்டா இது? பிள்ளப் பெறுத வலியால்லா இருக்கு!" என்றாள் பக்கத்து வீட்டு மாமி. எல்லாரும் சிரித்தார்கள்.

வாப்பாவின் முகம் சுருங்கியது. "நாளைக்கே திருப்பிக் குடுத்திருதேன்" என்றார்.

பத்து வயது எனக்கு. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தடித்த தோல் துண்டில் ஓட்டையின் அளவைச் சாக்பீஸால் வரைந்து வெட்டினேன். முதல் வட்டு லொடலொடத்தது. இரண்டாவது நுழையவே இல்லை. மூன்றாவது கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் நடுவில் கம்பிக்குத் துளை குத்தி, ஊசியை வைத்தேன்.

குரல் நிமிர்ந்து நின்றது. சந்தில் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பாட்டு முடிந்த பிறகும் மாமி நகரவில்லை.

"இன்னொரு தடவ போடுளா" என்றாள்.

வாப்பா அடுத்த வாரமே இன்னும் இரண்டு ரெக்கார்டு வாங்கி வந்தார். இன்று என் வீட்டில் அலமாரி நிறைய ரெக்கார்டுகள்தான்.

கடைக்காரப் பையன் இன்னமும் அடாப்டரைத் தேடிக்கொண்டிருந்தான். நான் கைப்பையைத் திறந்தேன். கறுத்து வழவழத்துப்போன அந்தத் தோல் வட்டை ஓட்டையில் வைத்து அழுத்தினேன்.

"இப்பப் போடு தம்பி."