இரண்டு வேலைக்கும் ஒரே ஸ்கோப்

எங்கள் நாய் செத்துப்போன காலையில்தான் இனிமேல் பண்ணைக்குள் எலி மருந்து வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். மருந்து தின்றுவிட்டுத் தள்ளாடி வெளியே வந்த எலியை அது கவ்வியிருக்கிறது. கால்நடை மருத்துவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என் கணவர் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டிப் புதைத்தார். மண்ணைத் தள்ளி முடித்து மம்பட்டியைக் கழுவும்போது கேட்டார்.

"மருந்து வேண்டாமுன்னா எலிய என்ன பண்ணுவே அம்மணி?"

"சுடப்போறேனுங்க."

வருத்தத்தில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல. மம்பட்டியைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

சூலூரிலிருந்து பல்லடம் போகும் வழியில் உள்ளே பிரியும் ஒரு சாலையில் எங்கள் பண்ணை இருக்கிறது. முட்டைக் கோழிகள். கொட்டகைகளுக்குச் சற்றுத் தள்ளி தீவனம் அரைக்கும் அறை, அதை ஒட்டி மூட்டை அடுக்கும் கிடங்கு. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் இருக்கிற இடத்தை எலி விட்டுவைக்காது. தின்று தீர்த்ததைவிட அசிங்கம் செய்து கெடுத்ததுதான் அதிகம். பொறி வைத்தோம். கொஞ்ச நாள் விழுந்தன, பிறகு பொறியைச் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டன. பூனை கொண்டுவந்தோம். அதற்குக் கிடங்கைவிடக் கோழிக் கொட்டகை மேல்தான் ஆசை.

கல்லூரிக் காலத்தில் தேசிய மாணவர் படைப் பயிற்சியில் துப்பாக்கி சுட்டிருக்கிறேன். நன்றாகவே சுடுவேன். அந்தத் தைரியத்தில்தான் உரிமம் தேவைப்படாத ஒரு ஏர்கன் வாங்கினேன். குழலை மடக்கி ஸ்பிரிங்கை அழுத்தி, சின்ன ஈயக் குண்டு போட்டுச் சுடுகிற வகை. கோழிகள் இருக்கும் பக்கம் அதை எடுத்துப்போவதில்லை, ஆட்கள் வேலையில் இருக்கும்போது தொடுவதில்லை, பின்னால் மண்சுவரோ மூட்டையோ இல்லாத இடத்தில் சுடுவதில்லை என்று எனக்கு நானே கட்டளை போட்டுக்கொண்டேன்.

ஆனால் கல்லூரியில் சுட்ட கண் இப்போது இல்லை. வெள்ளெழுத்து வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. கண்ணாடி போட்டால் துப்பாக்கி முனையிலிருக்கும் குறிமுள் தெரிகிறது, எலி கலங்குகிறது. கழற்றினால் எலி தெரிகிறது, முள் இரண்டாகப் பிரிகிறது. அப்படிக் கலங்கலாகச் சுட்ட ஒரு குண்டு எலியின் பின்னங்காலில் பட்டது. அது இழுத்துக்கொண்டே மூட்டைச் சந்துக்குள் போனது. அடுக்கைப் பிரித்து மதியம் வரை தேடியும் கிடைக்கவில்லை. இரண்டு நாளில் நாற்றம் வந்தபோதுதான் கிடைத்தது. மருந்து வேண்டாம் என்று சொன்ன நானே ஒரு உயிரை அதைவிட மோசமாக வதைத்திருக்கிறேன் என்று பட்டது. ஒரே குண்டில் முடிக்க முடியாது என்றால் விசையைத் தொடக்கூடாது. அதற்கு, துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கிற தொலைநோக்கி, ஸ்கோப் வேண்டும்.

துப்பாக்கி வாங்கியபோது இலவசமாக ஒரு சின்ன ஸ்கோப் கொடுத்திருந்தார்கள். அதை மாட்டிக்கொண்டு கோயமுத்தூருக்கு வெளியே இருக்கும் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பயிற்சி. பக்கத்து இடத்தில் சுடும் பெண், ஊருக்குள் கணபதி பகுதியில் பல் மருத்துவமனை வைத்திருக்கும் மருத்துவர். என் வயதுதான். முதல் நாளே என்னிடம், "எதுக்குங்க சுட வர்றீங்க?" என்று கேட்டார். எலிக்கு என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். "எங்க மாடியிலயும் இருக்குதுங்க," என்றார்.

அந்தக் கிளப்பில் சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கோப் வைத்த ஏர்கன்களுக்கு ஒரு போட்டி நடக்கும். பல தூரங்களில் சின்னச் சின்ன இரும்புத் தட்டுகள் நிறுத்தியிருப்பார்கள். நடுவில் பட்டால் தட்டு பின்னால் சாயும். அந்த 'டிங்' சத்தம் எனக்குப் பிடித்துப்போனது. எலிக்காகப் போனவள் தட்டுக்காகவும் போக ஆரம்பித்தேன்.

சில வாரங்களில் குண்டுகள் திசைக்கொன்றாகப் போக ஆரம்பித்தன. காலையில் சரியாகப் பட்டது, சாயங்காலம் ஒரு விரற்கடை இடப்பக்கம் போகும். மறுநாள் கீழே.

"கை நடுங்குதாட்ட இருக்குது. வயசாகுதில்ல?" என்றார் கணவர்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபத்தில் விடை கிடைக்காது. மண் நிரப்பிய பையின் மேல் துப்பாக்கியை வைத்து, என் கை ஆடவே முடியாதபடி சுட்டுப்பார்த்தேன். அப்போதும் அலைந்தது. ஞாயிற்றுக்கிழமை பல் மருத்துவரைச் சுடச் சொன்னேன். அவர் கை பல் பிடுங்குகிற கை, நடுங்காது. அவருக்கும் அலைந்தது. ஸ்கோப்பைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டினேன். உள்ளே ஏதோ கடகடவென்றது.

பெரிய துப்பாக்கிகள் சுடும்போது பின்னால் மட்டும்தான் உதைக்கும். ஸ்பிரிங் ஏர்கன் முதலில் பின்னாலும், உடனே முன்னாலும் உதைக்கும். அந்த இரண்டாவது உதையைத் தாங்கும்படி செய்யாத ஸ்கோப்பின் உள்பாகங்கள் கழன்றுவிடும். சத்தமே பெரிதாக வராத இந்தத் துப்பாக்கிக்குத்தான் கெட்டியான ஸ்கோப் வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது.

"ரெண்டு வாங்கிருங்க," என்றார் பல் மருத்துவர். "தட்டுக்கு ஒண்ணு, எலிக்கு ஒண்ணு. ரெண்டு வேலைக்கும் ஒண்ணேன்னா ரெண்டுலயும் அரைகுறையாத்தான் இருக்கும்."

யோசித்துப் பார்த்தேன். ஸ்கோப்பைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் மறுபடி குறி சரிபார்க்க வேண்டும். விடியற்காலையில் எலி வருகிற நேரத்தில், நேற்று மாட்டியது சரியாக இருக்கிறதா என்ற சந்தேகம் துளி இருந்தாலும் நான் சுடமாட்டேன். ஒரு துப்பாக்கி, ஒரு ஸ்கோப், இரண்டு வேலை. அப்படி ஒன்று கிடைக்கிற வரை கிடங்கில் சுடுவதை நிறுத்திவைத்தேன். கணவர் எலிகளுக்கு விடுமுறை விட்டிருக்கிறேன் என்று பால்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

காந்திபுரத்தில் துப்பாக்கிச் சாமான் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் சின்ன வயதுக்காரர், மரியாதையான பேச்சு. என்னைப் பார்த்ததும் இருப்பதிலேயே பெரிய ஸ்கோப்பை எடுத்து வைத்தார்.

"இதுல பாருங்க அக்கா. இருவத்திநாலு மடங்கு பெரிசாக் காட்டும். போட்டிக்காரங்க எல்லாம் இதுதானுங்க கேக்கறாங்க."

வாசலில் நின்று பார்த்தேன். எதிர்ச்சாரியில் இருந்த மருந்துக்கடைப் பலகையில் பெயின்ட் உரிந்த இடம்கூடத் தெரிந்தது. அப்படியே திரும்பி, கடைக்குள் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். வெறும் புகைமூட்டம்.

"கிட்ட இருக்கறது தெரியலீங்களே."

"கிட்டத்துல எதுக்குங்க அக்கா ஸ்கோப்பு?"

"எலி கிட்டத்துலதானுங்க வரும்."

அவர் கொஞ்சம் யோசித்து இன்னொன்றை எடுத்தார். முன்பக்க வளையத்தைத் திருப்பினால் பத்து மீட்டருக்கு உள்ளேயும் தெளிவாகக் காட்டும் வகை. காலண்டரில் தேதி பளிச்சென்று தெரிந்தது. குறுக்குக் கம்பிகள் முடி போல மெல்லியதாக இருந்தன. தட்டின் நடுப்புள்ளியை மறைக்காது, போட்டிக்கு அருமை. ஆனால் என் கிடங்கில் இப்படி வெளிச்சம் இருக்காது.

"லைட்ட அணைக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க அக்கா?"

"பாக்கோணுமுங்க."

அணைத்தார். அதுவும் போதவில்லை. பின்னால் சரக்கு வைக்கும் அறை இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சங்கடத்தோடு கதவைத் திறந்துவிட்டார். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று கறுப்புப் பெட்டி ஒன்றைக் குறிபார்த்தேன். கம்பிகள் காணாமல் போய்விட்டன. எங்கே சுடுகிறோம் என்பதே தெரியாது.

அடுத்து வந்தது கம்பி தடிமனான ஒன்று. இருட்டில் தெரிந்தது, ஆனால் காலண்டரில் ஒரு தேதியையே முழுதாக மறைத்தது. வேண்டாம் என்றேன். கடைக்காரர் இதற்குள் என்னோடு சேர்ந்து தேட ஆரம்பித்துவிட்டார். அவரே ஒவ்வொன்றையும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போவதும், "இது ஆகாதுங்க அக்கா" என்று திரும்பி வருவதுமாக இருந்தார். கடைசியில் மேல் அலமாரியிலிருந்து தூசி தட்டி ஒன்றை இறக்கினார். நாலு மடங்கிலிருந்து பன்னிரண்டு மடங்கு வரை மாற்றிக்கொள்ளலாம், கிட்டத்துக்கும் தூரத்துக்கும் திருப்புகிற முன்பக்க வளையம் இதிலும் இருந்தது. கம்பிகள் ஓரத்தில் தடிமனாக வந்து நடுவில் மட்டும் மெலிந்தன, கீழ்க்கம்பியில் வரிசையாகச் சின்னப் புள்ளிகள். வாசலில் பார்த்தேன், காலண்டரைப் பார்த்தேன், பின்னறையில் பார்த்தேன். மூன்று இடத்திலும் சரியாக இருந்தது.

"பெரிய போட்டிக்காரங்க யாரும் இத வாங்கறதில்லீங்க அக்கா."

"என்ற கிடங்குல பெரிய போட்டிக்காரங்க யாரும் இல்லீங்களே. ஸ்பிரிங் துப்பாக்கி உதை தாங்குமுங்களா?"

"எல்லாத்துக்கும் ஆகுமுங்க."

"எல்லாத்துக்குமின்னு சொல்லாதீங்க. ஸ்பிரிங் துப்பாக்கிக்கு ஆகுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

அவர் சரக்கு அனுப்புகிறவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். ஸ்பிரிங் துப்பாக்கிக்கென்றே செய்தது என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. ஆடினால் திருப்பிக் கொண்டுவருவேன் என்று சொல்லித்தான் வாங்கினேன்.

மாட்டும்போது கம்பி செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் தூரம் மாற மாற குண்டு பக்கவாட்டில் விலகும். கணவர் முட்டை அட்டை கட்டும் சணல் கயிற்றில் ஒரு இரும்பு நட்டைக் கட்டிச் சுவரில் தொங்கவிட்டார். அந்தக் கயிற்றோடு ஸ்கோப்பின் கம்பியை ஒட்டிப் பார்த்து, "துளி வலப்பக்கம், போதும், நில்லு," என்று அவர் சொல்லச் சொல்லத் திருகுகளை இறுக்கினேன். வயசாகுது என்று சொன்ன மனிதர் அன்று மாலை முழுவதும் என்னோடு தரையில் உட்கார்ந்திருந்தார்.

குறியை இருபது மீட்டருக்குச் சரிசெய்தேன். பிறகு அட்டையைக் கிட்டக் கிட்டக் கொண்டுவந்து சுட்டுப் பார்த்தபோது, மிகக் கிட்டத்தில் குண்டு கீழே பட்டது.

"கிட்டப் போனா இன்னும் சரியாத்தான படோணும்? இதென்ன கூத்து?" என்றார் கணவர்.

ஸ்கோப் குழலுக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் இருக்கிறது. பார்வை மேலிருந்து போகிறது, குண்டு கீழிருந்து கிளம்புகிறது. கிட்டத்தில் இரண்டும் இன்னும் சேர்ந்திருக்காது. அதற்குத்தான் அந்தப் புள்ளிகள். எந்தத் தூரத்துக்கு எந்தப் புள்ளி என்று மனப்பாடம் ஆகிற வரை அட்டையில் சுட்டேன். கிடங்குக்குள் மூட்டை அடுக்கிலிருந்து ஒவ்வொரு மூலையும் எவ்வளவு தூரம் என்பதும் மனதில் பதிந்தது.

அதற்கப்புறம்தான் ஒரு விடியற்காலையில் கிடங்குக்குப் போனேன். நாலு மடங்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். உத்தரத்தின் மேல் பழுப்பாக ஒன்று ஓடி நின்றது. விரல் விசைக்குப் போனது. முதுகில் மூன்று கோடுகள். அணில். விரலை எடுத்துவிட்டேன். பழைய ஸ்கோப்பாக இருந்திருந்தால் அதைச் சுட்டிருப்பேன். வெகுநேரம் கழித்து மூட்டை ஓரத்தில் எலி வந்தது. நின்றது. இரண்டாவது புள்ளியை வைத்துச் சுட்டேன். நின்ற இடத்திலேயே விழுந்தது, காலைக்கூட இழுக்கவில்லை.

அடுத்து வந்த போட்டியில் முதல் தட்டையே கோட்டைவிட்டேன். அன்று காலை கிடங்கில் கிட்டத்துக்கு வைத்த முன்பக்க வளையத்தைத் திருப்பாமலே வந்திருக்கிறேன். தூரத்துத் தட்டு பனிக்குள் இருப்பது போலத் தெரிந்தது, அவசரத்தில் அப்படியே சுட்டுவிட்டேன். பிறகு சரிசெய்துகொண்டேன். பட்டியலில் நடுவில் வந்தேன். பல் மருத்துவர் எனக்கு மேலே இருந்தார்.

"ரெண்டா வெச்சிருந்தா இப்படி ஆகாதில்லீங்க?" என்றார்.

"ரெண்டா இருந்தாலும் நான் மறக்கறத மறப்பனுங்க," என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

கிடங்கில் அதிகம் உட்கார்ந்ததில் இன்னொன்று கிடைத்தது. சுடாமல் ஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, எலிகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தது. கரண்ட் ஒயர் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில், தகரக் கூரைக்கு அடியில் ஒரு பொந்து. கீழே நின்று பார்த்தால் வெறும் நிழலாகத்தான் தெரியும். ஸ்கோப்பில் ஓரமெல்லாம் எலி உரசி உரசி எண்ணெய் ஏறிப் பளபளத்தது தெரிந்தது. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"அட, ஆமா. இத்தன வருசமா அங்கிருந்துதான் வருதா?"

அன்றைக்கே ஏணி போட்டு, கம்பி வலை வைத்து சிமென்ட் பூசினார். எலி அற்றுப்போகவில்லை. கோழிப்பண்ணையில் அது நடக்காது. ஆனால் மூட்டைகள் ஓட்டையாவது வெகுவாகக் குறைந்தது. வாரத்தில் ஓரிரு காலைகள் போனால் போதும் என்றானது. மருந்து டப்பாக்களைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது ஒரு நாய்க்குட்டி வளர்கிறது, கிடங்கு வரை பயமில்லாமல் ஓடிவருகிறது.

மிச்ச நேரமெல்லாம் தட்டுக்குத்தான். போன ஞாயிற்றுக்கிழமை பல் மருத்துவர் என்னை ஒரே தட்டில் முந்தினார். எந்தத் தட்டு என்று எனக்குத் தெரியும். கடைசி வரிசையில் வேலியோரம் நின்றது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வீசுகிற காற்று குண்டைத் தள்ளிவிட்டது, நான் காற்றுக்குத் தகுந்தபடி குறியைத் தள்ளி வைக்கவில்லை. கிடங்குக்குப் பின்னால் மண்சுவரை ஒட்டி அதே தூரத்தில் ஒரு தட்டை நட்டு, பக்கத்தில் குச்சியில் ஒரு துணி நாடாவைக் கட்டியிருக்கிறேன். சாயங்காலம் முட்டை வண்டியும் ஆட்களும் கிளம்பியதும் அங்கே போய் உட்காருகிறேன். நாடா எவ்வளவு ஆடினால் கம்பியை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று பிடிபட ஆரம்பித்திருக்கிறது. இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. காற்று நிற்கிற மாதிரி இல்லை, நானும்தான்.