குழாயடியில் போலந்துக் கவிதை

நியூ ஜெர்சி ஆபீஸில் காபி போடும் அறையின் குழாயை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. என்னோடு வேலை பார்த்த போலந்துக்காரர் அதை முழுக்கத் திறந்துவிட்டுத்தான் கவிதை சொல்வார். தண்ணீர்ச் சத்தத்தில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதாம். அவர் ஊரில் கம்யூனிஸ்ட் ஆட்சி போய்ப் பல வருடம் ஆகியும் கை தானாகக் குழாய்க்குப் போகும். குழாயடியில் சண்டையை மட்டுமே பார்த்து வளர்ந்தவன் நான்.

அவர் சொன்ன கவிதைகளில் நிலாவும் இல்லை, காதலியும் இல்லை. எல்லாம் மனப்பாடம், தாளில் எழுதிவைத்து, போலீஸ் சோதனையில் அகப்பட்டால் போச்சு. ஒன்றை ஆங்கிலத்தில் விளக்கினார். ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறான் ஒருவன். முன்னால் நின்றவனைப் போலீஸ் இழுத்துப் போகிறது. இவன் ஓர் அடி முன்னே நகர்கிறான். அவ்வளவுதான். வெட்கப்பட்டானா, ரொட்டி சீக்கிரம் கிடைக்கும் என்று சந்தோஷப்பட்டானா, கவிதை சொல்லாது. இரண்டாயிரத்தொன்றில், மேசை மேசையாகக் காலியாகிக்கொண்டிருந்த ஆபீஸில், இதைக் கேட்டுவிட்டு எப்படி நிம்மதியாக உட்காருவது?

வேலை போனால் விசாவும் போகும். கிரீன் கார்டு பாதியில் நின்றது. "உங்களுக்கு எதுக்குங்க இந்த வம்பு? லே ஆஃப் டைம்ல அந்த ஆளோட நின்னு குசுகுசுன்னு பேசினா மேனேஜர் என்ன நினைப்பான்?" என்று மனைவி பொரிந்துதள்ளுவாள். அவள் வாய் முகூர்த்தம், மேனேஜர் கூப்பிட்டே விட்டார். குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு இருவரும் என்ன பேசுகிறீர்கள், கம்பெனியைப் பற்றியா என்றார். பொய் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அவர் கவிதை சொல்வார், வேறொன்றுமில்லை என்றேன். மேனேஜர் சிரித்து அனுப்பிவிட்டார். அப்பாடா! நண்பரைக் காப்பாற்றிவிட்ட பெருமை வேறு.

ஓடிப்போய் அவரிடமே சொன்னேன். மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எந்தக் கவிதை என்று சொன்னாயா?" என்று கேட்டார். இல்லை என்ற பிறகுதான் மூச்சு விட்டார். அவருடைய அண்ணன் கவிதை சொன்னதற்காகவே சிறைக்குப் போனவராம். உப்புச் சப்பில்லாத பதில் என்று நான் நினைத்ததற்கு அவர் ஊரில் காட்டிக்கொடுப்பது என்று பெயர்.

நல்லவேளை, இருவருக்கும் வேலை போகவில்லை. கிரீன் கார்டும் வந்தது, பிறகு குடியுரிமையும் வந்தது. போன மாதம் என் மகள் காலேஜில் ஏதோ போராட்டக் கூட்டத்தில் கவிதை வாசிக்கப்போவதாகச் சொன்னாள். பேஷ் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"எந்தக் கவிதைம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"வொய், அப்பா?" என்றாள்.

சும்மாதான் என்றேன். பயந்துதான் கேட்டேன்.