பின்னியதைப் பிரிக்கும் ஆட்டம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனாலும் அந்த நாளில் ஜொகூரில் சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் கோலாட்டம் கட்ட யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டால், கூலிக்காரர் வரிசை வீடுகளில், என் லயத்துக்குத்தான் வழி காட்டுவார்கள். ஒரே ஆட்டத்தைச் சேலத்துக்காரி ஒருவிதமாக ஆடுவாள், தஞ்சாவூர்க்காரி வேறுவிதமாக. பால் வெட்டு முடிந்ததும் வீடு வீடாகப் போய் ஆடிக் காட்டச் சொல்லுவேன். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும். அதனால் பார்த்த அடியை லயத்துக்குப் பின்னால் என் காய்கறி நிலத்தில் நடந்து பார்த்துக்கொள்வேன். நடுவில் ஒரு கம்பு, அதில் கட்டிய சேலைக் கிழிசல்கள், சுற்றிலும் வளைவு வளைவாகக் கீரைப்பாத்தி.

"வட்டமா கீரை போட்டவளை இந்த ஜொகூர்லயே பார்க்க முடியாதுடி," என்பாள் பக்கத்து வீட்டுக்காரி.

"கொழம்புல போட்டா வட்டம் தெரியாது, போடி."

கித்தா, அதான் ரப்பர், விலை விழுந்து ஆட்களைக் குறைத்த சமயம். மாரியம்மன் திருவிழாவில் பின்னல் கோலாட்டம் வைக்கலாமா என்று எங்களை வேலை வாங்கும் கங்காணியிடம் கேட்டேன். எட்டுப் பெண்கள் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்து உள்ளும் வெளியுமாகச் சுற்றினால் மேலே சடை விழும். பிறகு வந்த வழியே பின்னோக்கி ஆடி அதைப் பிரிக்க வேண்டும்.

"ஆடுங்க. ஆனா வேலை போற நேரத்துல சாமி முன்னால கயிறு சிக்கிச்சுன்னா அபசகுனம், இனிமே பொம்பளைங்க ஆட்டமே கெடையாது," என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யாராவது தப்பினால்? கீரைக்கு நடுவே வேண்டுமென்றே தப்பாகப் பின்னிப் பிரித்துப் பார்த்தேன். பிரிக்கும்போது தப்பைத் திருத்தப் போனால்தான் சிக்கியது. அதே இடத்தில் அதே தப்பைத் திருப்பி ஆடினால் கயிறு விட்டுக்கொடுத்தது.

திருவிழாவன்று மூன்றாம் சுற்றில், வெளியே போக வேண்டிய பக்கத்து வீட்டுக்காரி உள்ளே நுழைந்துவிட்டாள்; எதிரே வந்தவள் வழி விட்டு வெளியே போனாள். தாளம் தட்டிக்கொண்டே அந்த இடத்தை மனதில் குறித்துக்கொண்டேன். ஏழு சுற்றும் பின்னி முடித்து, பிரித்துக்கொண்டே அந்தச் சுற்றுக்கு வந்தபோது அவள் காதருகே போனேன்.

"உள்ளயே போ."

"அது தப்புடி."

"தெரியும். தப்பாவே போ."

எதிரே வந்தவளுக்கும் முன் போலவே வெளியே போகச் சொல்லிக் கண் காட்டினேன். இருவரும் போனார்கள். சடை நழுவி அவிழ்ந்தது. ஆட்டம் முடிந்ததும் கங்காணி கிட்டே வந்து எட்டுக் கயிற்றையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார்.

"சரி, அடுத்த வருஷமும் ஆடுங்க."

"எட்டு போதாதுங்க. பன்னிரண்டு கயிறு கட்டிக் கொடுங்க," என்றேன். அன்று சாயங்காலமே கீரைக்கு நடுவே இருந்த கம்பில் இன்னும் நாலு கிழிசலைக் கட்டினேன்.