சித்திரைப் பயணத்துக்கு ஒரு கால்

மலாக்காவிலிருந்து தம்பினுக்கு ரயிலில் போவதென்றால், உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் இறங்கிவிடலாம். அந்தப் பயணத்துக்கு நாங்கள் தை மாதத்திலேயே தயாராகத் தொடங்கினோம். புறப்பட நினைத்தது சித்திரையில்.

என் கணவர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. வெள்ளைக்காரன் போய் ஜப்பான்காரன் வந்த பிறகும் அதே ஜன்னலுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். ரயிலைத் தவறவிடுகிறவர்களை அத்தனை வருடம் பார்த்ததாலோ என்னவோ, மனிதனுக்கு வரும் துன்பமெல்லாம் கடைசி நேரத்தில் மூட்டை கட்டுவதால் வருகிறது என்று நம்பினார்.

பயணம் எங்கள் மகனுக்காக. பதினேழு வயது, வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காஜா பெராங்கில் எங்கள் தெருவிலிருந்து போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. காலையில் பிள்ளைகள் வரிசையாக நின்று ஜப்பானியப் பாட்டுப் பாடும்போது, எனக்கு மகனின் உயரம்தான் கண்ணில் நிற்கும். என் அண்ணன் தம்பினுக்கு அப்பால் ரப்பர் காட்டுக்குப் பின்புறம் மரவள்ளி போட்டிருந்தார். அங்கே யாரும் தேடி வரமாட்டார்கள். அவனை அங்கே சேர்த்துவிட வேண்டும். சாலை வழியாகப் போனால் லாரியில் அள்ளிக்கொள்வார்கள். ரயில்தான் வழி. ரயிலில் ஊர் விட்டு ஊர் போகப் பாஸ் வேண்டும். பாஸ் கேட்க ஒரு காரணம் வேண்டும்.

காரணத்தைக் கணவர் கண்டுபிடித்தார். மகனுக்குக் கால் ஊனம். தம்பினில் ஒரு வைத்தியர் இருக்கிறார்.

“அப்படின்னா பாஸ் கேக்கற அன்னிக்கு நொண்டட்டும். இப்பவே எதுக்கு?” என்று கேட்டேன்.

“திடீர்னு நொண்டினா எவன் நம்புவான்? நோவுக்கும் சர்வீஸ் வேணும். இப்ப ஆரம்பிச்சாத்தான் சித்திரைக்குள்ள தெருவே சாட்சி சொல்லும்.”

பந்து உதைக்கும் காலைத் தரமாட்டேன் என்று மகன் சொன்னதால் இடது கால் என்று முடிவாயிற்று. சாயங்காலங்களில் கணவர் பாஸ் கொடுக்கும் அதிகாரியாக நாற்காலியில் உட்காருவார். மகன் நொண்டிக்கொண்டே வந்து குனிந்து வணங்குவான். முகத்தில் வலி அதிகம் என்பார் இவர். காலைவிட முகம் நொண்டுகிறதாம்.

மற்ற ஏற்பாடுகளும் அப்போதே ஆரம்பமாகிவிட்டன. இருந்த நல்ல துணியெல்லாம் பெட்டிக்குள் போயிற்று. இவருடைய ஒரே நல்ல சட்டை கட்டிலுக்கடியில் பயணத்துக்குக் காத்திருக்க, இவர் மாவுச் சாக்கில் தைத்த சட்டையோடு டிக்கெட் கொடுத்தார். வழிக்கென்று மரவள்ளி மாவை வறுத்து டின்னில் அடைத்து வைப்பேன். வண்டு விழும். வீணாக்கக் கூடாதென்று தின்றுவிட்டு மறுபடி வறுப்பேன். வீட்டை விட்டு நகராமலே பல பயணங்களின் கட்டுச்சாப்பாட்டைத் தின்று தீர்த்தோம்.

நாங்கள் கணக்கில் எடுக்காதது பக்கத்து வீட்டு அக்காவை. பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிக் குடும்பம், எங்களைப் போல் சாமி கும்பிடுகிறவர்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். இடையிடையே சில தமிழ்ச் சொற்கள் வரும். கைகால் பிடித்து உருவிவிடுவதில் அவருக்குத் தெருவில் பெயர் இருந்தது. மகன் நொண்டுவதைப் பார்த்து அவரே எண்ணெயோடு வந்தார். வேண்டாமென்று சொல்ல எங்களிடம் காரணம் இல்லை.

மாசியில் ஒரு மதியம் திடீரென மழை. முற்றத்தில் காய்ந்த கிழங்கை அள்ள மகன் எல்லாவற்றையும் மறந்து ஓடினான். இரண்டு காலாலும் ஓடினான். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா பார்த்துவிட்டார். அவருக்குச் சந்தேகமே வரவில்லை, பெருமைதான் வந்தது. பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கச் செய்தி. வாதம், சுளுக்கு என்று ஆட்கள் அவர் வாசலில் கூடிவிட்டார்கள். ஆளாளுக்கு என்னையும் வாழ்த்தினார்கள். நான் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து அழுதேன்.

மறுநாள் நொண்டல் மீண்டும் தொடங்கியது. ஈரத்தில் நின்றதால் திரும்பிவிட்டது என்று சொன்னோம். அக்கா அதைத் தன் கைக்கு நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். தினமும் வந்து நரம்பு நரம்பாக இழுத்தார். மகன் கத்தியது நடிப்பல்ல. கணவர் மட்டும் இப்போதுதான் முகம் சரியாக இருக்கிறது என்றார்.

பங்குனியில் பாஸ் கிடைத்தது. அதிகாரி தலையைத் தூக்காமலே முத்திரை குத்தினார். காலை அவர் பார்க்கவே இல்லை.

சித்திரை பிறப்பதற்கு முன் ஒரு நாள், வேலை நேரம் முடியாமல் அந்த ஜன்னலை விட்டு எழாத என் கணவர் நடுப்பகலில் வீட்டுக்கு வந்து பெட்டிமேல் உட்கார்ந்தார். ரயில் நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

“ரயில் இருக்கு. தண்டவாளத்தத்தான் கழட்டறாங்க. சயாமுக்குக் கொண்டு போறாங்களாம்.”

மகன் சயாமுக்குப் போகாமலிருக்க நாங்கள் நம்பியிருந்த பாதையே சயாமுக்குப் போய்விட்டது. ஜன்னலை மூடச் சொல்லி உத்தரவு வராததால், அவர் மேலும் சில நாள் போய் அங்கே உட்கார்ந்துவிட்டு வந்தார்.

தண்டவாளம் தூக்க ஆள் வேண்டுமென்று ஒரு மண்டோர், கூலிகளை மேய்க்கிறவன், ஜப்பான் சிப்பாயோடு தெருவுக்குள் வந்தான். எங்கள் வாசலில் நின்று மகனை ஏற இறங்கப் பார்த்தான். கணவர் பாஸை நீட்டி, கால் ஊனம் என்றார். ரயிலே இல்லாத ஊரில் ரயில் பாஸ் எதற்கு என்று மண்டோர் கேட்டான்.

ஊனம் என்ற சொல் வேலியைத் தாண்டிக் கேட்டிருக்க வேண்டும். அக்கா வந்துவிட்டார். யார் சொன்னது ஊனமென்று, தான் ஏற்கெனவே ஒருமுறை ஓடவைத்த கால் அது என்று மலாயில் படபடவெனச் சொல்லி, மகனைப் பார்த்துக் கைதட்டினார்.

“ஜாலான், தம்பி, ஜாலான்.”

நட என்கிறார். அக்கா சொன்ன பிறகும் நொண்டினால் பொய்யென்று அப்பாவை அடிப்பார்கள் என்று பயந்து நேராக நடந்துவிடுவதென்று தீர்மானித்ததாக மகன் பிறகு சொன்னான். முற்றத்திலிருந்து கிணற்றடிவரை நடந்து திரும்பினான். ஆனாலும் இடது கால் இழுத்தது. சிப்பாய் அதே மாதிரி நடந்து காட்டிச் சிரித்தான். அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். அக்கா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போனார்.

அன்று கதவைச் சாத்திக்கொண்டு மகனிடம் சொன்னேன்:

“போதும்யா. இனி ரயிலும் இல்ல ஒண்ணுமில்ல. வீட்டுக்குள்ளயாவது நேரா நட.”

“நேராத்தாம்மா நடக்கறேன்” என்றான்.

சண்டை முடியும்வரை அவன் எங்களோடுதான் இருந்தான். ஒவ்வொரு முறை ஆள் பிடிக்க வந்தபோதும் அந்தக் கால்தான் அவனைக் காப்பாற்றியது. இப்போது வேலைக்குப் போகிறான். எலும்பிலும் நரம்பிலும் குறையில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் நொண்டுகிறான். அக்கா இன்னும் விடவில்லை. இந்தச் சித்திரைக்குள் நிமிர்த்திக் காட்டுகிறேன் என்று எண்ணெய்க் கிண்ணத்தோடு வருகிறார். காப்பி கொடுத்து, இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்துவிட்டு அனுப்பிவிடுகிறேன். காலைத் தொடவிடுவதில்லை. சண்டை முடிந்துவிட்டதென்று எல்லோரும் சொல்கிறார்கள். முடிந்துதான் இருக்கும். இருந்தாலும் இன்னும் கொஞ்ச நாள் அந்தக் கால் அப்படியே இருக்கட்டும்.