அவருக்கு இருந்த கொழுப்பு

என் வீட்டுக்காரரைத் திட்ட எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை "கொழுப்பு". வெளியாட்கள் முன்னால் எனக்குப் பேச்சே வராது. அவரிடம் மட்டும் வரும். "இன்னா கொழுப்புய்யா உனுக்கு" என்றால் சிரிப்பார். ஹார்பரில் மூட்டை தூக்கிய உடம்பு அது. தொப்பை கிடையாது. கையை மடக்கினால் சதை உருண்டு நிற்கும்.

முதுகுவலி வந்த பிறகு மூட்டையை விட்டுவிட்டு, எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். பகலெல்லாம் நாற்காலியில்தான். சாப்பாடு மட்டும் மூட்டை தூக்கிய காலத்துச் சாப்பாடு. சில வருஷம் கழித்து ஓயாத தாகம் வந்தது. பாதம் மரத்துப்போகிறது என்றார். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, சர்க்கரை என்றார்கள்.

அவர் நம்பவில்லை. "சக்கரை குண்டா கீறவங்களுக்குத்தான டாக்டரம்மா வரும்? என்னியப் பாருங்க" என்று சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வெளிய தெரியாதுப்பா. உங்க சதைக்குள்ளேயே கொழுப்பு தங்கியிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "ரத்தத்துல இருக்குற சக்கரைய சதைக்குள்ள போகச் சொல்றது இன்சுலின். உள்ள கொழுப்பு தேங்கிட்டா, அது சொல்றது சதைக்குக் கேக்காது. சக்கரை ரத்தத்துலயே நின்னுடும். மூட்டை தூக்குனப்போ அந்தக் கொழுப்பு அன்னன்னிக்கே எரிஞ்சுபோச்சு. இப்போ உக்காந்தே இருக்கீங்க. மாத்திரை போடுங்க, சாப்பாட்டக் கொறைங்க. முக்கியமா, தினம் நடங்க. இல்லாட்டி கால்ல கொண்டுபோய் விட்டுடும்."

ஐந்தாவது வரை படித்த எனக்கும் அது புரிந்தது. வெளியே வந்ததும் அவர் என் தோளை இடித்தார். "இன்னாமே, இத்தினி வருசமா கொழுப்பு கொழுப்புன்னு திட்டிகினு இருந்தியே, டாக்டரம்மாவே சொல்ட்டாங்க பாரு!" பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரம்மா கடைசியில் சொன்ன "கால்" என்பதிலேயே என் காது நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் நடக்கப் போனவர் போன வேகத்திலேயே திரும்பினார். டீக்கடையில் உட்கார்ந்திருந்த பழைய ஹார்பர் ஆட்கள், "இன்னா நைனா, ஆபீசர் கணக்கா வாக்கிங்கா?" என்று கேட்டுவிட்டார்களாம். சுமையோடு எவ்வளவு தூரமும் நடந்த மனிதர். வெறுங்கையை வீசிக்கொண்டு சும்மா நடப்பது அவருக்கு மானக்கேடாக இருந்தது. "நா போமாட்டேம்மே" என்று படுத்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் நான் கறிவேப்பிலையைக் குடத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். "கறிவேப்பில இல்லய்யா. முக்குக் கடைல வாடிப்போய் கீது, மார்க்கெட்டுக்குப் போய் வாங்கினு வா" என்றேன். போனார். சாயங்காலம் உப்பு இல்லை என்றேன். மறுநாள் சீரகம். ஒரு நடைக்கு ஒரு சாமான்தான் சொல்வேன்.

மார்க்கெட்டில் கடை வைத்திருந்த ஒரு அம்மா ஒருநாள் கேட்டாராம்: "உங்க வூட்ல எல்லாத்தியும் ஒரே தபாவா சொல்லி அனுப்ப மாட்டாங்களா?"

"அவுளுக்கு மறதி ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு வந்ததாக என்னிடம் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த தடவை ரத்தம் பார்த்தபோது சர்க்கரை இறங்கியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிவேளையில் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அவராகவே அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்த்து, "தீப்பெட்டி இல்லமே, வாங்கினு வரேன்" என்றார். தீப்பெட்டி அடுப்புப் பக்கத்திலேயே இருந்தது. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நனைந்த துணியில் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

திரும்பி வந்தபோது காலில் செருப்பு இல்லை. "அறுந்துட்சி, வழியிலயே தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். தார் ரோட்டில், அந்த வெயிலில்.

"சுடலியாய்யா?"

"ஒண்ணியும் தெர்ல."

சாயங்காலம் பாதத்தைப் புரட்டிப் பார்த்தேன். தோல் கொப்பளித்துக் கிடந்தது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எத்தனையோ வைத்தியம் பார்த்தார்கள். புண் ஆறவேயில்லை, மேலே மேலே ஏறியது. ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இப்போது கட்டிலில் இருக்கிறார். உடம்பு துடைத்துவிடும்போது பார்க்கிறேன், அந்தத் தொடையில் இருந்த சதையெல்லாம் வற்றிவிட்டது. நான் அவரைத் திட்டுவதில்லை.

போன வாரம் சமைத்துக்கொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார்.

"உப்பு கீதாமே?"

"கீதுய்யா."

"சீரகம்?"

"கீது."

"கடுகு?"

"அதுவும் கீது."

"எல்லாமே கீது. அப்போ எனுக்கு இன்னா வேல?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கடுகு டப்பா காலியாகத்தான் இருந்தது. ரசத்தைத் தாளிக்காமலே இறக்கினேன். அவர் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார்.