ட்ரீனாவின் முறை

டெல்ஃபின் வாபாஸ் அன்று காலை காப்பிகூடக் குடிக்காமல் கல்லூரிக்குப் பாடம் நடத்த வந்துவிட்டாள்.

முதலாண்டு இயற்பியல் வகுப்பில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, ஒரு கல்லைக் கைமாற்றிப் பாடம் நடத்துவது அவள் வழக்கம். கல் யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் பேசலாம். கனடாவின் பூர்வகுடிகளான அவளுடைய க்ரீ மக்கள் கூடிப் பேசும் முறை அது. 'நேரம் வீண்' என்று யாரோ புகார் கொடுத்துவிட்டார்கள். வட்டத்தை நிறுத்துவதா என்று முடிவெடுக்கத் துறைத்தலைவர் ஓல்சன் இன்று வருகிறார்.

ஒரு காலத்தில் இதே கட்டடத்தில் கடைசி வரிசையில் வாயே திறக்காமல் உட்கார்ந்து, தோற்று ஊர் திரும்பியவள் டெல்ஃபின். ஏரிக்கரைக் கூடத்தில் மீன் அரிந்து பிழைத்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வந்து படித்தாள். தன் வகுப்பில் கடைசி வரிசையே இருக்கக் கூடாது என்பது அவள் சபதம்.

ஓல்சன் சுவரோரம் நிற்கப் பார்த்தார்.

"வட்டத்துக்கு ஓரம் கிடையாது சார். வந்து உக்காருங்க."

"டோனட் வாங்கிட்டு வந்திருந்தா நல்ல நாற்காலியா குடுத்திருப்போம்," என்றான் மாணவன் க்ளிஃபர்ட். ஒரே சிரிப்பு.

ஏரி ஏன் அடியிலிருந்து உறைவதில்லை? அதுதான் அன்றைய கேள்வி. 'பனிக்கட்டி லேசு, மிதக்குது' என்றபடி ஒவ்வொருவரும் கல்லை நகர்த்தினார்கள். ட்ரீனாவிடம் அது நின்றுவிட்டது. இதுவரை வகுப்பில் ஒரு வார்த்தைகூடப் பேசாத பெண். தலை குனிந்து கல்லைத் தடவிக்கொண்டேயிருந்தாள்.

"தெரியலன்னா பரவால்லம்மா, அடுத்தவங்களுக்குக் குடுத்துடு," என்றார் ஓல்சன்.

ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. கல் அவர் கையில் இல்லையே! அவர் முகம் சிவந்தது. அவரிடம் சமாதானமாக ஒரு வார்த்தை சொன்னால் வட்டம் பிழைக்கும். ஆனால் கல் டெல்ஃபின் கையிலும் இல்லை. உதட்டை இறுக்கிக்கொண்டாள். வட்டமே போனாலும் போகட்டும், இந்தப் பெண்ணின் முறையைப் பறிக்க மாட்டேன்!

ட்ரீனா மெல்ல நிமிர்ந்தாள்.

"பனிக்கட்டி மிதக்கும், சரி. அது உறைஞ்சதுக்கு அப்புறம்தானே? குளிர்ந்த தண்ணி கனமாகி அடிக்குப் போகும்னு போன வாரம் படிச்சோம். அப்ப அடியிலதானே முதல்ல உறையணும்? எங்கப்பா வலை விட பனியில ஓட்டை போடுவாரு, கீழ தண்ணிதான் இருக்கும். எனக்குப் புரியல."

கல் க்ளிஃபர்டுக்குப் போனது. "எனக்கும் புரியல. நானும் 'மிதக்குது'ன்னு சும்மா அளந்து விடத்தான் இருந்தேன்."

அடுத்து ஓல்சன். கல்லைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இம்முறை எல்லோரும் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

"என் வகுப்புல இதை யாரும் கேட்டதில்ல," என்றார் கடைசியில். "கேக்க நான் விட்டதில்ல போல. டெல்ஃபின், அடுத்த பருவமும் நாற்காலி இப்படியே இருக்கட்டும்."

கல் டெல்ஃபினிடம் வந்தபோது அவள் கண்கள் நிறைந்திருந்தன. குரல் மட்டும் நடுங்கவில்லை.

"நாலு டிகிரிக்குக் கீழ போனா தண்ணி திரும்ப லேசாகி மேல வந்துடும். அதான் மேல உறையுது. நான் சொல்றேன்னு நம்பாதீங்க. ட்ரீனா, தெர்மாமீட்டரை எடு. ஜாடித் தண்ணியில பனிக்கட்டி போட்டு, மேலயும் அடியிலயும் அளந்து பார்ப்போம்."