இரவல் குடுத்த தோல்விகள்

என்ர மனுசன் கதிர்காமநாதனைப் பற்றி கடல் கடந்து வந்து நாங்கள் குடியேறின ஒனிஹங்காவில எந்தத் தமிழ்ச் சனத்திட்டக் கேட்டாலும் ரெண்டு விசயம் சொல்லுவினம். ஒண்டு, நல்ல மனுசன். மற்றது, தொட்டது ஒண்டும் உருப்படாது. ரெண்டும் மெய்தான். கட்டி இருபத்தியாறு வருசம், எனக்குத் தெரியாதே?

முதலாவது சொதி. 2010 செப்டம்பரில ஒனிஹங்காவுக்குத் திரும்ப ட்ரெயின் விட்டாங்கள். உடனே இவருக்கு ஒரு யோசனை வந்திட்டுது. காலமை வேலைக்குப் போற சனத்துக்கு ஸ்டேசனுக்குக் கிட்ட இடியப்பமும், தேங்காய்ப்பாலில வைச்ச மஞ்சள் சொதியும் விக்க வேணுமாம். "ரதி, கோப்பி குடிச்சுக்கொண்டு போறவங்கள் சொதி குடிச்சுக்கொண்டு போகமாட்டாங்களே?" எண்டு கேட்டார். மாட்டாங்கள் எண்டு சொன்னனான். கேட்டால்தானே! அந்த நேரம் எனக்கு எக்கவுண்டிங் கோர்ஸ் ஒண்டில இடம் கிடைச்சிருந்தது. பெப்ரவரியில தொடங்க இருந்தது. "இந்த ஒரு வருசம் மட்டும் கடைக்கு வா" எண்டார். போனன். அது வேற கதை. கடை திறந்து ஆறாம் மாசம் எங்கட சொதிக் கப் ஒண்டு, ட்ரெயின் ஆடின ஆட்டத்தில, கோட்டுக்குப் போன ஒரு லோயரின்ர வெள்ளைச் சேட்டில கவிண்டுது. அந்த மனுசன் மஞ்சள் நெஞ்சோட நீதவானுக்கு முன்னால நிண்டதாம். அதோட கடை பூட்டியாச்சு.

ரெண்டாவது தோசை மா. நான் அரைக்க, இவர் டப்பாவில அடைச்சு கூரியரில அனுப்பினவர். இந்த நாட்டில ஜனவரி மாசம்தான் நல்ல வெயில் காலம். வானை வெயிலில விட்டிட்டு கூரியர்ப் பெடியன் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறான். வந்து கதவைத் திறந்தால் நாப்பது டப்பாவும் வெடிச்சு, மற்ற ஆக்களின்ர பார்சலெல்லாம் மாவுக்குள்ள கிடந்துதாம். மிஞ்சின மாவை என்ன செய்யிறது? பதினொரு நாள் மூண்டு நேரமும் தோசை திண்டனாங்கள்.

மூண்டாவது புல்லு வெட்டு. பக்கத்து ஹில்ஸ்பரோவில பதினாலாம் நம்பர் வீட்டுக்குப் போக வேண்டியவர் நாப்பத்தோராம் நம்பருக்குப் போயிட்டார். அந்த வீட்டு மனுசி குருவியள் வரட்டுமெண்டு ஒன்பது வருசமாய் வளர்த்த பத்தையெல்லாத்தையும் மொட்டை அடிச்சு, வடிவாக் கூட்டி அள்ளி வைச்சிருக்கிறார். விடுமுறையால வந்த மனுசி சூட்கேசுக்கு மேல இருந்து அழுதது. இவரும் பக்கத்தில குந்தியிருந்து அழுதவர். அந்த மனுசி இப்பவும் இவருக்கு நத்தாருக்குக் கிறிஸ்மஸ் காட் போடுறது, பாவம்.

பேந்து ஒரு பெயின்ட் கொம்பனியின்ர வெயாஹவுசில வேலைக்குப் போனார். அங்க மட்டும் மனுசன் வலு கெட்டிக்காரன். எந்தத் தட்டில எந்த நிறம் எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். ஆனால் மனேஜர் வேலை ஒவ்வொரு முறையும் எம்.பி.ஏ. படிச்ச ஒரு பெடியனுக்குத்தான் போகும். வந்த அண்டைக்கே "நேதன், போர்க்லிஃப்ட் சாவி எங்க?" எண்டு இவரைத்தான் கேப்பாங்கள்.

2014இல ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஹில்ஸ்பரோவில இருக்கிற சற்குணம் ஒரு தட்டு வடையோட எங்கட வீட்டுக்கு வந்தா. அவவின்ர மகன் சுலக்ஷன் நகர மையத்தில ஒரு பிசினஸ் ஸ்கூலுக்கு அப்ளை பண்றானாம். கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறாங்களாம். கேள்வி இதுதான்: நீங்கள் வாழ்க்கையில தோற்ற ஒரு சந்தர்ப்பத்தை எழுதுங்கோ, அதில என்ன படிச்சீங்கள்?

"என்ர பிள்ளை ஒண்டிலையும் தோற்கேல்லையே, ரதி" எண்டு அவ கண்ணீர் விடாத குறை.

"ஏன், லைசென்ஸ் மூண்டு தரம் பெயில் விட்டவன்தானே?" எண்டு நான் கேட்டன்.

"ஐயோ, சத்தம் போடாதையுங்கோ! கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறம். பொம்பிளை வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சால்?" எண்டிட்டு, இவரின்ர பக்கம் திரும்பினா. "அண்ணை, உங்களிட்டத்தானே நிறைய இருக்கு. ஒண்டு தாங்கோவன்."

எனக்கு வந்த கோவத்துக்கு அந்த வடையைத் தூக்கி எறிஞ்சிருப்பன். இவரைப் பார்க்கிறன், முகமெல்லாம் சிரிப்பு! அதுவரைக்கும் அவரிட்ட ஒருத்தரும் ஒண்டும் கேட்டு வந்ததில்லை. பெடியனைக் கூப்பிட்டு இருத்தி, தோசை மாக் கதையை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் இங்கிலிசிலேயே சொன்னார். "அந்த மாவுக்கு எங்களைவிட முன்னேற வேணுமெண்ட ஆசை இருந்தது" எண்டொரு வசனம். சுலக்ஷன் ஒரு சொல்லும் விடாமல் லப்டொப்பில தட்டினான். இடையில நான் அரைச்சதைப் பற்றி ஒரு வரி வந்தது. "அதை விடுவம் அங்கிள், இடம் காணாது" எண்டு அழிச்சுப்போட்டான்.

அவனுக்கு இடம் கிடைச்சுது. பிறகென்ன, கதை பரவீற்றுது. அடுத்த வருசம் மலேசியாக்காரப் பிள்ளை தனுஷா வந்தாள். "அங்கிள், சின்னதா ஒன்னு இருந்தா போதும் லா" எண்டு சொதியைக் கொண்டு போனாள். அதுக்கடுத்த வருசம் ஐடி வேலை பார்க்கிற தமிழ்நாட்டுத் தம்பி திவாகர் வந்தான். "சார், உங்ககிட்ட டீம்வொர்க் சம்பந்தமா ஏதாவது தோத்திருக்கீங்களா?" எண்டு, கடையில மீன் கேக்கிற மாதிரிக் கேட்டான். புல்லு வெட்டு அவனுக்குப் போச்சுது. மூண்டு பேரும் அதே ஸ்கூலில பாஸ். வாசலில நிண்டு நன்றி சொல்லிவிட்டுப் போவினம், இவர் ஒரு கிழமைக்கு நெஞ்சை நிமித்திக்கொண்டு திரிவார். விசர் மனுசன்.

2018இல வெயாஹவுஸ் முதலாளி இவரைக் கூப்பிட்டு, "அடுத்த வருசம் மனேஜர் போறார். அந்த எம்.பி.ஏ. கடுதாசி ஒண்டு இருந்தால் வேலை உனக்குத்தான்" எண்டு சொல்லிப்போட்டார். இவருக்கு அம்பத்திரெண்டு வயசு. பட்டம் இல்லை. ஆனால் அனுபவம் இருந்தால் அதே பிசினஸ் ஸ்கூலில பின்னேர வகுப்புக்கு எடுப்பாங்களாம், கட்டுரை மட்டும் நல்லா இருக்க வேணுமாம். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. தோற்ற கதை எழுதத்தானே? உலகத்திலேயே இவரை விட்டால் ஆர்? மூண்டையும் ஒண்டாச் சேர்த்து எழுதி அனுப்பினார். வாசிக்க எனக்கே கண் கலங்கிச்சுது.

ரெண்டு கிழமையால ஒரு ஈமெயில் வந்தது. உங்கட கட்டுரையைக் கம்பியூட்டரில போட்டுப் பார்த்தம், எங்கட பழைய மாணவர் மூண்டு பேரின்ர கட்டுரையளைப் பார்த்து எழுதியிருக்கிறீங்கள் போல கிடக்கு, விளக்கம் சொல்ல வாங்கோ. வேணுமெண்டால் சப்போர்ட் பேர்சன் ஒராளைக் கூட்டிக்கொண்டு வரலாம்.

நான்தான் சப்போர்ட் பேர்சன். நல்ல சீலை கட்டிக்கொண்டு போனன். உள்ளுக்குப் போகக்கே அட்மிஷன் மனுசி என்னைப் பார்த்து, "நீங்கள் ஆதரவு குடுக்கலாம், கதைக்கக் கூடாது" எண்டு சிரிச்சுக்கொண்டே சொன்னா. கதைக்காமல் என்னெண்டு ஆதரவு குடுக்கிறது எண்டு எனக்கு விளங்கேல்லை.

மேசைக்கு அங்கால கோட்டும் சூட்டுமாய் ஒருத்தன் இருக்கிறான். ஆரெண்டு பார்த்தால் சுலக்ஷன்! பாதிக்கப்பட்டவராம். மற்ற ரெண்டு பேரும் இப்ப வெளிநாட்டில, அதால இவன் மட்டும் வந்திருக்கிறான். அவனுக்கு முன்னால, அழுதால் கண் துடைக்க, ஒரு ரிஷூப் பெட்டி வைச்சிருந்தாங்கள். தன்ர கதையை ஒருத்தன் களவெடுத்தது மனசை நோகச் செய்திருக்கும், கவுன்சிலிங் ஏதும் வேணுமோ எண்டு அந்த மனுசி அவனைக் கேட்டா.

"பரவாயில்லை" எண்டான். எங்களைப் பார்க்கவேயில்லை. "அந்த மா வெடிச்ச சம்பவம் என்னை ஒரு தலைவனாக்கினது" எண்டு வேற சொன்னான்.

அடேய், தோசைக்கு உழுந்து போடுறதோ பயறு போடுறதோ எண்டு தெரியுமாடா உனக்கு? வாய் வரைக்கும் வந்திட்டுது. கூரியர்க்காரன் அனுப்பின கடிதம், மாவுக்குள்ள நிண்டு எடுத்த போட்டோ, எல்லாம் என்ர ஹாண்ட்பாக்குக்குள்ள கிடந்துது. கையை விட்டன். மேசைக்குக் கீழ இவர் என்ர கையைப் பிடிச்சார். பிடிச்சுக்கொண்டே அந்த மனுசியைப் பார்த்து, "ஓம். இது சுலக்ஷன்ர கதைதான். நான் பார்த்து எழுதிப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டார்.

சுலக்ஷன் ஒரு ரிஷூ எடுத்தான்.

அந்த மனுசிக்கு இவரின்ர நேர்மை பிடிச்சுப்போச்சாம். வெள்ளிக்கிழமைக்குள்ள சொந்தமாய் ஒரு தோல்வியை எழுதிக் கொண்டு வந்தால் பார்ப்பம் எண்டா.

வரக்கே ட்ரெயினில நான் வாய் திறந்தன். ஒனிஹங்கா வரைக்கும் மூடேல்லை. "ஏன் சொல்லேல்லை? எல்லாம் என்ர பாக்குக்குள்ள இருந்ததே!"

"அவன்ர பட்டத்தைப் பறிச்சுப்போடுவாங்கள், ரதி. இப்பத்தான் பெடியனுக்குப் பிள்ளை பிறந்திருக்கு" எண்டார். "இப்ப என்னட்ட ஒண்டும் இல்லை. எல்லாத்தையும் குடுத்துப்போட்டன்."

புதன்கிழமை முழுக்க ஒரு தோல்வி தேடினார். எங்கட மூத்த மகளுக்குச் சைக்கிள் பழக்கினது ஞாபகம் வந்துது. அவள் இப்ப நல்லாச் சைக்கிள் ஓடுவாள், அது தோல்வியாச் சரிவராது. வெத்திலைக்கொடி வைச்சதை யோசிச்சார். அது செத்துப்போச்சு எண்டு நினைச்சுப் போய்ப் பார்த்தால் வேலி முழுக்கப் படர்ந்து கிடக்கு. வாழ்க்கையில முதல் தரமாய் ஒண்டு உருப்பட்டிருக்கு எண்டு மனுசன் தலையில கை வைச்சுக்கொண்டு இருந்தார்.

வியாழக்கிழமை நான் வேலையால வர, பிரிண்டரில ஒரு கடுதாசி கிடந்தது. எடுத்துப் பார்த்தன். இவர் எழுதினது.

என்ர மனுசிக்கு 2011இல படிக்கத் தொடங்க இடம் கிடைச்சது. அவ ஒரு கல்குலேற்றரும் நீலப் பாக் ஒண்டும் வாங்கி வைச்சிருந்தா. நான் ஒரு வருசத்துக்குக் கடைக்கு வரச் சொன்னன். அந்தக் கடை ஆறு மாசத்தில பூட்டினது. அதுக்குப் பிறகு, இனிப் போய்ப் படியன் எண்டு நான் ஒருக்காலும் சொல்லேல்லை. அந்த நீலப் பாக்கில இப்ப வெங்காயம் கிடக்கு. ஒவ்வொரு நாளும் காண்கிறன். மற்றத் தோல்வியளை ஆரும் கொண்டு போகலாம். இதை ஆருக்கும் குடுக்க ஏலாது.

நான் குசினிக்குள்ள, அடுப்புக்குக் கிட்ட, நிலத்தில இருந்து அழுதன். சும்மா அழுகை இல்லை, கோவம். ஏழு வருசமாய் என்னட்ட ஒரு சொல்லுக் கதைக்காத மனுசன், முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரிக்கு இங்கிலிசில எழுதியிருக்கிறார்! அவர் வந்த உடன "இதை எனக்குச் சொல்ல வாயில்லையோ உங்களுக்கு?" எண்டு கத்தினன். "சொன்னால் நீ அழுவாய் எண்டு..." எண்டு இழுத்தார். இப்ப மட்டும் என்ன சிரிக்கிறனோ?

இவருக்கு இடம் கிடைச்சுது. அந்த மனுசி தானே போன் எடுத்துச் சொன்னா.

அடுத்த மாசம் சற்குணம் திரும்பவும் ஒரு தட்டு வடையோட வந்து நிக்கிறா. மகள் வித்தியாவும் அப்ளை பண்றாளாம். "அண்ணை புதுசா ஒண்டு எழுதினவராமே, நல்லா இருக்காமே. கோயிலில சனம் கதைக்குது. பொம்பிளைப் பிள்ளைக்குத் தோதா மாத்தி எழுதலாம்" எண்டா. இவர் என்னைப் பார்த்தார்.

"இல்லை" எண்டன்.

"ஏன் ரதி, கேட்டால் அண்ணை ஒருக்காலும் இல்லையெண்டு சொன்னதில்லையே?"

"அண்ணை சொல்லமாட்டார். நான் சொல்லுறன். அது குடுக்கிறதுக்கில்லை, சற்குணம். லைசென்ஸ் கதை உங்கட வீட்டிலேயே கிடக்கு, அதை எடுத்து எழுதச் சொல்லுங்கோ."

வடையை வைச்சுக்கொண்டன், தட்டை வெறுமையாக் கழுவிக் குடுத்தன். எங்கட சனத்தில ஏதும் வைக்காமல் தட்டைத் திருப்பிக் குடுக்கிற வேலையை ஒருத்தரும் செய்யிறதில்லை. செய்தன்.

அவ போன பிறகு வெங்காயத்தைக் கொட்டிப்போட்டு, அந்த நீலப் பாக்கை வெயிலில காயப் போட்டன். எக்கவுண்டிங் கோர்ஸுக்கு ஃபோர்ம் நிரப்ப இருந்தன். நாசமாப் போக, அங்கையும் அதே கேள்வி: நீங்கள் தோற்ற ஒரு சந்தர்ப்பத்தை எழுதுங்கோ. எனக்கு இருந்தது ஒண்டுதான். அதையும் மனுசன் எழுதிப்போட்டார். நான் எழுதினால் அவரைப் பார்த்து எழுதினதெண்டு கம்பியூட்டர் சொல்லும். பிறகு அவர் பாதிக்கப்பட்டவராய் வந்து ரிஷூப் பெட்டிக்கு முன்னால இருக்க வேணும்.

பேனையைக் கடிச்சுக்கொண்டு கனநேரம் யோசிச்சன். யோசிக்க யோசிக்க ஒண்டு தெளிவாய்த் தெரிஞ்சுது. அது அவரின்ர தோல்வி. நான் எங்க தோற்றனான்? கெட்டித்தனமாய் இடம் எடுத்தனான், போக விடேல்லை, இப்ப போறன். அவ்வளவுதான்.

அந்தக் கட்டத்துக்குள்ள எழுதினன்: எனக்கு அப்பிடி ஒண்டும் இல்லை. கட்டாயம் வேணுமெண்டால் என்ர மனுசனிட்டக் கேளுங்கோ, அவரிட்ட நிறைய இருக்கு.